பேச்சுச் சிகிச்சைத் தொழிலின் வரலாறு

மட்டக்களப்பிலிருந்து கடலோரப் பெருந்தெரு வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், பெரியநீலாவணையைக் கடந்ததும் மருதமுனையை அடைவர். கிழக்கே வங்கக் கடலும் மேற்கே நெல்வயல்களும் சூழ்ந்த இவ்வூர் கைத்தறி நெசவாற் பெயர் பெற்றது. இங்கு நெய்த சாரனும் சேலையும் நாடெங்கும் விலைப்படும். நெசவைப் போலவே சொல்லும் இவ்வூர்க்குப் பழகிய தொழிலேயாம். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனைத் தந்த ஊர் இது. சிறுகதையாசிரியர் மருதூர்க் கொத்தன் தம் புனைபெயரில் ஊரின் பெயரையே தாங்கினார். விபுலானந்த அடிகள் 1892ஆம் ஆண்டிற் பிறந்த காரைதீவும் சில கல் தொலைவிலேயே உள்ளது. வயலிலும் வாய்க்கால் வரம்பிலும் எழுத்தறியாதோர் பாடிய கவிகளை அறிஞர் தொகுத்து வியந்ததும் இக்கரையோரத்திலேயாம்.

சொல்வளம் இத்துணை மிகுந்த நாட்டிலே, பேச இயலாத பிள்ளை ஒன்று பிறப்பின் அதன் நிலை யாது? ஊமை, கொன்னை, திக்குவாய், தெற்றுவாய் எனப் பெயரிடுவதிலே நம் மொழி குறைவின்றி இருந்தது. பெயரிட்டபின் செய்யத்தக்கது யாது என்பதற்கோ நேர்த்திக்கடனையும் நாட்டு வைத்தியத்தையும் அன்றி வேறு விடை நெடுங்காலம் இருந்ததில்லை. "வயது வந்தால் தானே பேசும்" என்பது இன்றும் பல வீடுகளிற் கேட்கப்படும் ஆறுதல். சிலரிடத்து அது மெய்யாதலும் உண்டு. மெய்யாகாத பிள்ளைக்கு அவ்வாறு காத்திருந்த காலம் மீண்டும் வருவதில்லை. பேச்சுக் குறையைத் தீர்ப்பதற்கென ஒரு தொழில் உலகில் எவ்வாறு தோன்றியது, தன்னை எவ்வாறு நிலைநாட்டிக்கொண்டது, நம் நாட்டை எப்பொழுது வந்தடைந்தது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

பேச்சு எவ்வாறு பிறக்கின்றது என்னும் அறிவு தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலே பிறப்பியல் எனத் தனியோர் இயல் வகுத்தார். உந்தியினின்று எழுங் காற்றானது தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களோடு பொருந்துமிடத்து வெவ்வேறு எழுத்துக்கள் தோன்றும் என்பது அவர் கொள்கை. இக்காலப் பேச்சுச் சிகிச்சையாளர் தம் அறையிலே தொங்கவிடும் படமும் ஏறக்குறைய இவ்வுறுப்புக்களையே காட்டும். அண்ணம் பிளந்து பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். வல்லின எழுத்தை ஒலிக்க வாயினுள்ளே காற்று அடைபட வேண்டும். அண்ணத்திற் பிளவிருப்பின் காற்று மூக்குவழியே கழிந்துவிடும். பகரம் மகரம்போல ஒலிக்கும். 'பால்' எனக் கேட்க விரும்பிய குழந்தையின் சொல் 'மால்' என வெளிப்படும். பிறப்பியலைக் கற்ற மாணவன் இதன் காரணத்தை எளிதில் உணர்வான்.

ஆயின் இலக்கணம் அறிந்தார் நோயாளியைக் காணவில்லை. நோயாளியைக் கண்ட வைத்தியர் இலக்கணத்தை நாடவில்லை. இவ்விரு கல்வியும் ஓரிடத்திற் கூடாமையினாலேயே நம்மிடத்து இத்தொழில் தோன்றவில்லை என்பது எம் கருத்து. மேனாட்டிலும் இக்கூட்டம் நிகழ நெடுங்காலம் சென்றது. கிரேக்க நாவலர் தெமொஸ்தெனீஸ் வாயிற் கூழாங்கற்களை இட்டுக் கடலலைக்கு எதிரே பேசித் தம் குறையை நீக்கினார் என்னும் கதையைப் பாடப்புத்தகங்களிற் படித்தோர் பலர். அக்கதையை நம்பிப் பிள்ளையின் வாயிற் கல்லை இடுவோர் இருப்பின், அக்கல் தொண்டையிற் சிக்கும் என்பதைக் கூறிவைத்தல் நன்று.

1861ஆம் ஆண்டிலே பாரிஸ் நகர அறுவை வைத்தியர் போல் புரோக்கா என்பார், பல்லாண்டுகளாக 'தான்' என்னும் ஓரசையன்றி வேறெதுவும் பேசமாட்டாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையைச் சோதித்து, இடப்பக்க முன்பகுதியிற் சிதைவிருத்தலைக் கண்டார். 1874இல் ஜெர்மானியரான வேர்ணிக்கே, பேச்சு ஒழுகிவரினும் பிறர் சொல்லை விளங்கமாட்டாத நோயாளரை விவரித்து, மூளையின் வேறோரிடத்தைச் சுட்டினார். பேச்சுக் குறை என்பது சோம்பலோ தெய்வக் குற்றமோ அன்று, உடற்கூற்றிற் காரணமுடையது என்பது இவற்றால் உறுதிப்பட்டது. 1924இல் வியன்னா நகரிலே எமில் ஃபுரோஷெல்ஸ் என்னும் வைத்தியரின் முயற்சியாற் பன்னாட்டுச் சங்கம் ஒன்று தோன்றியது. மறு ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் ஒரு சங்கம் எழுந்தது.

அமெரிக்கச் சங்கத்தின் பெயர் மாற்றங்களே ஒரு வரலாறாகும். 1925இல் அது 'பேச்சுத் திருத்தக் கழகம்' எனத் தொடங்கியது. 1927இல் 'பேச்சுக் கோளாறுகளை ஆராயுஞ் சங்கம்' ஆயிற்று. 1934இல் மீண்டும் 'திருத்தம்' என்னுஞ் சொல்லை ஏற்றது. 1947இற் கேள்வியைச் சேர்த்துக்கொண்டது. 1978இல் 'மொழி' என்பதையும் பெயரிற் புகுத்தியது. முதலில் உச்சரிப்பைத் திருத்துவாராய் இருந்தோர், பின்னர்ச் செவியையும், அதன்பின்னர் மொழியறிவையும் தம் பொறுப்பாகக் கொண்டனர். இன்று பாரிசவாதத்தால் உணவை விழுங்க இயலாதாரும், குரல்வளையைப் புற்றுநோய்க்கு இழந்தாரும், தன்மையச் சிறாரும் இவர்களிடமே அனுப்பப்படுகின்றனர். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று மிகுந்த நம் நாட்டிலே இது சிறு செய்தியன்று.

இத்தொழிலின் ஏட்டில் இருண்ட பக்கமும் உண்டு. 1939இல் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வென்டல் ஜோன்சன் என்பாரின் மேற்பார்வையில், மேரி டியூடர் என்னும் மாணவியார் அநாதை இல்லச் சிறார் இருபத்திருவரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். அவருள் ஒரு பகுதியினரிடம், கொன்னுதல் இல்லாதவர்களாய் இருந்தும், அவர்தம் பேச்சிற் குறை உண்டென்று பலகாலும் கூறப்பட்டது. குறை கூறுதலே கொன்னுதலை வளர்க்குமோ என்று அறிவது நோக்கம். ஜோன்சன் தாமும் கொன்னுவாராய் இருந்து, அக்குறையின் காரணத்தைக் காணுதற்கே வாழ்நாளைச் செலவிட்டவர் என்பது இச்செய்தியை மேலும் வருத்தமுடையதாக்குகின்றது. பல்கலைக்கழகம் 2001ஆம் ஆண்டிலேயே மன்னிப்புக் கேட்டது. தம்மைப் பாதுகாப்பார் இல்லாத பிள்ளைகளே அவ்வாய்வுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்பதை இத்தொழிலைக் கற்பார் எவரும் மறத்தலாகாது.

பிரித்தானியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் இளமைமுதற் கொன்னுபவர். 1925இல் வெம்பிளிப் பொருட்காட்சியின் நிறைவுரையை அவர் ஆற்றப்பட்ட பாட்டைக் கேட்டோர் மறந்திலர். மறு ஆண்டில் லயனல் லோக் என்னும் அவுஸ்திரேலியரை அவர் நாடினார். லோக் வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். பேச்சுக்கலை ஆசிரியராய் இருந்து, முதலாம் உலகப் போரிற் குரலிழந்து மீண்ட படைவீரர்க்குப் பயிற்சி அளித்துத் தொழில் கற்றவர். 1937இல் முடிசூட்டு விழாவின்போது மன்னர் தடையின்றிப் பேசினார். இவையெல்லாம் திரைப்படமாகவும் வந்து பலரும் அறிந்தனவே. பலர் அறியாதது, லோக் தம் தொழிலுக்காகச் செய்த பணி.

பட்டமில்லாப் போலிகள் எவரும் 'பேச்சு வைத்தியர்' எனப் பலகை தொங்கவிடக்கூடிய காலம் அது. அந்நிலையை மாற்ற எழுந்த சங்கங்களுள் ஒன்றில் லோக் முன்னின்றார். 1945இல் அங்கிருந்த இரு சங்கங்களும் ஒன்றாகிப் பேச்சுச் சிகிச்சையாளர் கல்லூரி அமைந்தது. இது பாடஞ் சொல்லுங் கல்லூரியன்று. பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஒழுக்கத்திற்கும் அளவுகோல் வகுக்கும் தொழிற்சபையாகும். 1948இல் லோக்கின் வேண்டுகோளுக்கிணங்க மன்னர் அதன் புரவலரானார். இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டும் அதுவே. அவ்வாண்டில் அவர் நமக்கும் மன்னராயிருந்தார். எனினும் அம்மன்னர்க்குக் கிடைத்த சிகிச்சை அவர்தம் இலங்கைக் குடிகளுட் கொன்னுவார்க்குக் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

புரவலர் கிடைத்தமையால் ஊதியமும் மதிப்பும் உயர்ந்துவிடவில்லை. சிகிச்சையாளர் சிலர் கல்விப் பகுதியின் கீழும் சிலர் வைத்தியப் பகுதியின் கீழும் சிதறிக் கிடந்தனர். 1969இல் இதனை ஆராய அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவராக அமர்ந்தவர் வைத்தியரல்லர். ஆங்கில இலக்கண ஆசிரியரான ரண்டொல்ஃப் குவர்க். தமிழ் கற்பார் இதனைச் சற்று நின்று நோக்கவேண்டும். 1972இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, இத்தொழிலின் நடுவில் நிற்க வேண்டியது மொழியைப் பற்றிய அறிவே என்றும், சிதறிய சேவைகள் ஒன்றாதல் வேண்டும் என்றும், சிகிச்சையாளர் தொகை பெருகவேண்டும் என்றும் விதந்துரைத்தது. 1974இற் சேவைகள் தேசிய சுகாதார சேவையின் கீழ் ஒன்றாயின. 1976இல் டேவிட் கிறிஸ்டல் முதலிய மொழியியலாளர், பிள்ளையின் பேச்சைப் பதிவுசெய்து அதன் வாக்கிய அமைப்பைப் படிப்படியாக அளக்கும் நூலொன்றை வெளியிட்டனர். பிறப்பியலாரும் வைத்தியரும் கூடாத இடத்தில் அவர்கள் கூடினர் என்றே கூறலாம்.

இதன்பின் நிகழ்ந்தது நீதிமன்றப் போராட்டம். பிரிஸ்டல் நகரின் பிரென்சே வைத்தியசாலையிலே தலைமைப் பேச்சுச் சிகிச்சையாளராயிருந்த பமேலா எண்டர்பி அம்மையார் 1986இல் வழக்குத் தொடுத்தார். தம் தொழிலில் மிகப் பெரும்பாலார் பெண்கள். ஒத்த பொறுப்புடைய உளவியலாளரும் மருந்தாளரும் அவர்களிலும் கூடிய ஊதியம் பெற்றனர். மேல்நிலையில் அவர்களுட் பெரும்பாலார் ஆடவர் என்பது அவர் வாதம். இரு தொழிலின் ஊதியமும் வெவ்வேறு பேச்சுவார்த்தைகளால் முறையாகவே நிருணயிக்கப்பட்டது என்பது எதிர்வாதம். 1993 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், பேச்சுவார்த்தை வேறாயிருந்தமை மட்டும் அவ்வேறுபாட்டை நியாயமாக்காது என்றும், நியாயம் உண்டெனின் அதனை நிறுவுதல் வேலை கொடுப்போர் கடன் என்றும் தீர்ப்பளித்தது. சம ஊதியச் சட்டத்தைக் கற்பார் இன்றும் இவ்வழக்கை ஓதுகின்றனர். பிறர் வாயைத் திறப்பிக்கும் தொழிலினர் தம் வாயைத் திறக்க அத்துணை ஆண்டுகள் வேண்டியிருந்தன!

பாரத நாட்டிலே இத்தொழில் 1960களில் வேரூன்றியது. மைசூரில் 1966இல் அகில இந்தியப் பேச்சுக் கேள்வி நிறுவனம் எழுந்தது. பம்பாயிலும் வைத்தியக் கல்லூரி சார்ந்த பயிற்சி தொடங்கியது. 1967இல் இந்தியப் பேச்சுக் கேள்விச் சங்கம் அமைந்தது. 1992ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சபைச் சட்டம், பதிவு பெற்றோரே தொழில் செய்தற்குரியர் என வரம்பு கட்டியது. சென்னையிற் செவிப்புலன் குறைந்த குழவிகட்கெனப் பாலவித்யாலயம் 1969இல் தோன்றி, பெற்றோரையே ஆசிரியராகப் பயிற்றும் முறையைத் தமிழில் வளர்த்தது.

இனி நம் நாட்டை நோக்குவாம். இங்கு முதலில் வந்தது செவிடர்க்கான கல்வி. மேரி சப்மன் என்னும் ஆங்கில அம்மையார் 1912இல் தொடக்கிய பாடசாலையே பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகட்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. கிழக்குக் கரையோரத்துப் பிள்ளை ஒன்று இவற்றுள் எதனை அடைவதாயினும் தாய் மடியைவிட்டு நெடுந்தூரம் சென்று விடுதியில் வாழவேண்டியிருந்தது. உலகெங்கும் அக்காலச் செவிடர் கல்வியின்மீது, 1880இல் மிலான் நகரிற் கூடிய மாநாட்டின் நிழல் படிந்திருந்தது. கைச்சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பித்தல் வேண்டும் என்பது அம்மாநாட்டின் தீர்மானம். அதனாற் சைகை பேசிய பிள்ளைகள் பல நாடுகளில் தண்டிக்கப்பட்டனர். 2010இல் வான்கூவர் நகரிற் கூடிய அதே வழிவந்த மாநாடு அத்தீர்மானத்திற்கு வருத்தந் தெரிவித்தது. 130 ஆண்டுகள் கழிந்தபின் வந்த வருத்தம் அது.

பேச்சுச் சிகிச்சை தனித்தொழிலாக இலங்கையிற் பயிற்றப்பட்டது 1997ஆம் ஆண்டிலாம். களனிப் பல்கலைக்கழகத்து வைத்திய பீடம், இராகமையில், இலண்டன் பல்கலைக்கல்லூரியாரின் துணையோடு பட்டயப் பாடநெறி ஒன்றைத் தொடங்கியது. அதன்முன் வெளிநாட்டிற் கற்று வந்தோர் மிகச் சிலரே இங்குப் பணிபுரிந்தனர். 2008இல் அது பட்டப் படிப்பாக உயர்ந்தது. அங்குக் கற்பித்தோர் 2003இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே பாடவிதானம், பண்பாடு, மொழி என்னும் மூன்றும் இடம்பெற்றன. பாடநூல் ஆங்கிலம், நோயாளி சிங்களமோ தமிழோ பேசுபவர், மாணவர் இடையில் நிற்பவர். இச்சிக்கலை அவர்கள் மறைக்கவில்லை.

தமிழைப் பொறுத்தவரை இச்சிக்கல் இருமடங்காகும். தமிழிற் சிகிச்சை அளிக்கவல்லார் தொகை தேவைக்கு மிகக் குறைவாகவே இருந்து வந்துள்ளது. மருதமுனைக்கும் இராகமைக்கும் இடையே தெருவழித் தூரம் 300 கிலோமீற்றருக்கும் மேல். தறியில் அமர்ந்து நாட்கூலி பெறும் தாயொருத்தி வாரந்தோறும் பிள்ளையோடு அத்தூரம் செல்லுதல் இயலாது. எலும்பு முறிவுக்கு வைத்தியம் செய்வார் நோயாளியின் மொழியை அறியாவிடினும் முறிந்த எலும்பைப் பொருத்தலாம். பேச்சைப் பொருத்துவார்க்கோ மொழியே எலும்பும் மருந்துமாம். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழறிந்த சிகிச்சையாளரைக் கோருதல் சலுகை கேட்பதாகாது; அத்திருத்தத்தின் பொருளைக் கேட்பதேயாம்.

தமிழறிந்தாரை அனுப்பிவிட்டாற் போதுமோ எனின், அதுவும் போதாது. எந்தத் தமிழ் என்னும் வினா உடனே எழும். சோதனைக்குப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் செய்தல் சிகிச்சையாளர் வழக்கம். தாயின் படத்தைக் கண்டு மருதமுனைப் பிள்ளை 'உம்மா' என்னும். தந்தையை 'வாப்பா' என்னும். விடைத்தாளில் 'அம்மா', 'அப்பா' என்றிருப்பின், அகரத்தின் இடத்தில் உகரம் புகுந்தது எனக் குறித்துவிடும் அறியாமையும் நேரலாம். 'தாத்தா' என்னுஞ் சொல்லைக் கொள்வோம். தமிழ்நாட்டில் அது பாட்டனைக் குறிக்கும். இலங்கை முஸ்லிம்கள் பலரிடத்து மூத்த சகோதரியைக் குறிக்கும். முதியவரின் படத்திற்கு அச்சொல்லை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். அச்சொல்லைக் கேட்ட பிள்ளையோ படத்தில் இளம்பெண்ணைத் தேடும்.

முஸ்லிம்கள் பேச்சுக்கு மட்டும் உரியதன்று இது. யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி "நான் நேற்று வந்தனான்" என்பாள். சென்னையில் வகுத்த அளவுகோலைக் கையிற் பிடித்தவர், தன்மையிடத்தில் ஆண்பால் விகுதி வந்தது, இலக்கண வளர்ச்சி குன்றியது என முடிவுகட்டக்கூடும். அது அந்நாட்டுப் பேச்சின் ஒழுங்கான வடிவம் என்பதை அறிந்தவர் அவ்வாறு எழுதார். மட்டக்களப்புத் தமிழின் தனித்தன்மையைக் கமில் சுவலபில் போன்ற மேனாட்டறிஞரும் 1960களிலேயே ஆராய்ந்தனர். இலங்கைப் பேச்சுத் தமிழைப் பேராசிரியர் சுசீந்திரராசாவும், முஸ்லிம்களின் தமிழைக் கல்முனைக்குடியில் தோன்றிய பேராசிரியர் எம். ஏ. நுஃமானும் விளக்கினர். அவ்வாராய்ச்சிகள் நூல்நிலையத்தில் உள்ளன. சிகிச்சை அறைக்கு அவை சென்று சேர்தல் வேண்டும்.

இவ்விடத்தும் அமெரிக்கச் சங்கத்தாரின் அனுபவம் பயன்படும். அந்நாட்டுக் கறுப்பினப் பிள்ளைகள் தம் வீட்டு ஆங்கிலத்தைப் பேசியமைக்காகவே குறையுடையோர் வகுப்பிற் சேர்க்கப்பட்டனர். நெடிய வாதத்தின்பின், 1983ஆம் ஆண்டில் அச்சங்கம் தன் கொள்கையை எழுத்தில் வெளியிட்டது: ஆங்கிலத்தின் எந்தக் கிளைமொழியும் நோயன்று, கிளைமொழி வேறுபாட்டையும் உண்மைக் குறையையும் பிரித்தறிதல் சிகிச்சையாளரின் கடமை. தொழிற்சங்கம் ஒன்று தன் உறுப்பினரின் ஊதியத்திற்காக மட்டுமன்றி, தன்னிடம் வருவோரின் மொழிக்காகவும் தீர்மானம் இயற்றலாம் என்பதற்கு இது சான்று. நம் நாட்டுச் சிகிச்சையாளரும் தமிழ்ப் பேராசிரியரும் கூடி இத்தகைய கொள்கை ஒன்றைச் சிங்களத்திற்கும் தமிழுக்கும் அவற்றின் கிளைகளுக்கும் எழுதிவைப்பின், ஒரு பக்கத்திற்கு மேற்படாது.

அதற்கு முன் செய்யத்தக்க சிறிய வேலை ஒன்றுண்டு. அதற்குப் பட்டமும் பணமும் வேண்டா. நம் கல்லூரிகளிலே தமிழை விசேட பாடமாகக் கற்கும் மாணவர், விடுமுறையில் தத்தம் ஊரில் இரண்டு, மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் பேசுஞ் சொற்களைப் பெற்றோரின் இசைவோடு கேட்டு, வயதும் ஊரும் குறித்து எழுதி வரலாம். எந்த எழுத்தை எந்த வயதில் ஒலிக்கத் தொடங்குகின்றனர், ழகரத்தை எவ்வாறு ஒலிக்கின்றனர், வினைமுற்றின் விகுதி எப்பொழுது தோன்றுகின்றது என்பன தனித்தனியே குறிக்கப்படல் வேண்டும். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, கைதடி என ஊருக்கு ஒரு நிரல் வகுத்தால் நான்கு நிரல்கள் அமையும். முதல் வரியில் மருதமுனையின் நிரலில் 'உம்மா' என்றும், காரைதீவின் நிரலில் 'அம்மா' என்றும் எழுதத் தொடங்கலாம்.